வீட்டுப் பொருத்துவேலைகளும் வழக்குக் கால எல்லையும்: 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் குறித்த ஒரு சமூகவியல் நோக்கு

1. தோற்றுவாய்

சட்டம் பற்றி எழுதுவது சட்டத்தரணிகளுக்கே உரியது என்றோர் எண்ணம் எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இலக்கிய ஆய்வாளர்களாகிய நாம் அவ்வெண்ணத்திற்கு உடன்பட வேண்டியதில்லை. சட்டமும் மொழியால் ஆக்கப்பட்ட ஒரு பனுவலே. அதற்கும் ஆக்கியோர் உளர். அது தோன்றிய காலமும் அதன் பின்னாலுள்ள வர்க்க நலனும் உள. அதன் சொற்கள் யாரை நோக்கிப் பேசுகின்றன, யாரைப் பேசாது விடுகின்றன என்பதை ஆராய்வது எமது துறைக்குப் புறம்பான பணியன்று.

இக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மிகச் சாதாரணமானது. ஒருவர் தமது வீட்டுக்கு மின்கம்பி இழுப்பிக்கின்றார். நீர்த்தாங்கி வைத்துச் சுவருக்குள் குழாய் பதிப்பிக்கின்றார். கூரைத் தகடு மாற்றுகின்றார். வேலை முடிந்து பணமும் கொடுத்தாயிற்று. சில ஆண்டுகள் கழிந்தபின் சுவர் கசிகின்றது அல்லது மின்சாரம் தாக்குகின்றது. வேலை செய்து தந்த கொந்தராத்துக்காரர்மீது வழக்குத் தொடர அவருக்கு எவ்வளவு காலம் உண்டு? அக் காலம் எந்நாளிலிருந்து கணிக்கப்படும்? அந்த எல்லையை வகுத்தவர்கள் யார்? போருக்குப் பின் ஆயிரக்கணக்கான வீடுகள் மீளக் கட்டப்பட்ட வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும், லயன் அறைகளிலிருந்து தனி வீடுகளுக்கு மெல்ல மெல்ல மாறிவரும் மலையகத்திலும் இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல.

2. கட்டளைச்சட்டம் கூறுவது

இலங்கையில் குடியியல் வழக்குகளுக்குரிய கால எல்லையை வகுப்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டமாகும். நீதிமன்ற வளவுகளில் 'பிறிஸ்கிறிப்சன்' என்று வழங்கும் சொல் இதனையே குறிக்கும். காணியைப் பத்தாண்டு எதிரிடையாக ஆண்டு அனுபவித்தவருக்கு உரித்து ஏற்படும் என்ற விதியினாலேயே இச் சட்டம் எமது மக்களிடையே அறியப்பட்டுள்ளது. அந்த விதி அதன் 3 ஆம் பிரிவில் வருகின்றது. எமது பொருளுக்கு வேண்டியன அதனையடுத்து வரும் பிரிவுகளாகும்.

எழுத்திலமைந்த உடன்படிக்கை மீறப்பட்டால், மீறப்பட்ட நாளிலிருந்து 6 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும் (பிரிவு 6). எழுத்திலில்லாத உடன்படிக்கையாயின், வழக்கிடு காரணம் தோன்றியதிலிருந்து 3 ஆண்டுகளே உண்டு (பிரிவு 7). உடன்படிக்கை எதுவுமின்றி ஒருவரது கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, காயம், சேதம் ஆகியவற்றுக்கு 2 ஆண்டுகள் (பிரிவு 9). வேறெங்கும் குறிப்பிடப்படாத வழக்குகளுக்கு 3 ஆண்டுகள் (பிரிவு 10).

வீட்டுக்காரருக்கும் கொந்தராத்துக்காரருக்குமிடையிலான உறவை ஆள்வது இந்நாட்டின் பொதுச்சட்டமான ரோம-டச்சுச் சட்டமாகும். ரோமர் கூலி உடன்படிக்கையை இரண்டாகப் பகுத்து நோக்கினர். தனது உழைப்பைக் குறித்த காலத்துக்கு மற்றவரிடம் ஒப்படைத்தல் ஒன்று. குறித்த ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஏற்றல் மற்றொன்று. முன்னதில் விற்கப்படுவது உழைப்பு. பின்னதில் வாக்களிக்கப்படுவது முடிந்த விளைவு. கொந்தராத்துக்காரர் இரண்டாம் வகையினர். தக்க திறமையுடனும் தக்க பொருள்களைக் கொண்டும் வேலையை முடித்துத் தரும் கடப்பாடு அவருக்குண்டு. அவருடைய ஆட்கள் விட்ட பிழைக்கும் அவரே பொறுப்பாளி. குறைபாடுள்ள வேலையைக் கையளிப்பது உடன்படிக்கையை மீறுவதாகும்.

இவற்றை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு குடும்பம் 2012 ஆம் ஆண்டு தை மாதம் 15 ஆம் திகதி தமது வீட்டின் குழாய் வேலையையும் மின்வேலையையும் முடித்துப் பெற்றுக்கொண்டது எனக் கொள்வோம். சுவருக்குள் பதித்த பீ.வீ.சீ. குழாயின் மூட்டு ஒன்று சரிவர ஒட்டப்படவில்லை. புவித்தொடுப்புக் கம்பியும் உரியவாறு இணைக்கப்படவில்லை. சுண்ணச் சாந்து உதிர்ந்து கசிவு வெளித்தெரிந்தது 2015 கார்த்திகையில். வாய்ப்பேச்சில் செய்துகொண்ட ஏற்பாடாயின் வழக்குரிமை 2015 தை மாதத்திலேயே, அதாவது குறை தெரிவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னரே, முடிந்துவிட்டது. அதே ஏற்பாட்டை ஒரு தாளில் எழுதி இரு தரப்பினரும் ஒப்பமிட்டிருந்தால் 2018 தை வரை உரிமை நின்றிருக்கும். புவித்தொடுப்புக் குறைபாட்டினால் 2016 ஆவணியில் வீட்டிலொருவரை மின்சாரம் தாக்கியிருப்பின், அக் காயத்துக்கான தீங்கியல் வழக்கு வேறானது. காயம் நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் கணிக்கப்படும். 2018 ஆவணி வரை வழக்கிடலாம். ஆனால் வேலையின் தரக்குறைவு மாத்திரம் பொதுவாகத் தீங்கியல் வழக்குக்கு இடந்தராது.

3. எந்நாளிலிருந்து கணிப்பது?

மேற்காட்டிய உதாரணத்தில் வாசகரை உறுத்துவது ஒன்றுண்டு. தெரியாத குறைபாட்டுக்கு ஒருவர் எவ்வாறு வழக்கிட முடியும்? கட்டளைச்சட்டத்தின் 6 ஆம், 7 ஆம் பிரிவுகள் மீறுகை நிகழ்ந்த நாளையும் வழக்கிடு காரணம் தோன்றிய நாளையும் பேசுகின்றன. பாதிக்கப்பட்டவர் அதனை அறிந்த நாள் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. குறையுள்ள வேலை கையளிக்கப்பட்ட அன்றே மீறுகை முழுமையடைகின்றது என்பது பொதுவான விளக்கம். எனவே சுவருக்குள் மறைந்திருக்கும் பிழை மறைந்திருக்கும் காலமெல்லாம் கொந்தராத்துக்காரருக்குச் சாதகமான காலமாகவே ஓடிக் கழிகின்றது.

பொருத்துவேலை என்பதன் இயல்பை இங்கே மனங்கொள்ள வேண்டும். கடையில் வாங்கிய கதிரையைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் குழாயும் கம்பியும் பதிக்கப்பட்டபின் சாந்து பூசி மூடப்படுகின்றன. வேலை நிறைவெய்துவதே அது கண்ணுக்கு மறைவதில்தான். பயன்மதிப்பு கெட்டிருப்பது பல மழைக்காலங்கள் கழிந்த பின்னரே வெளிப்படுகின்றது. பரிவர்த்தனை மதிப்போ வேலை முடிந்த அன்றே பணமாகக் கைமாறிவிடுகின்றது. சட்டம் தனது நாட்காட்டியைப் பணம் கைமாறிய நாளோடு பொருத்தியிருக்கின்றதேயன்றி, வீட்டில் வாழ்வோரின் அனுபவத்தோடு பொருத்தவில்லை.

இதே சிக்கல் இங்கிலாந்தில் எழுந்தபோது நடந்ததை நோக்குவது பயன்தரும். 1969 இல் கட்டப்பட்ட ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியில் 1970 அளவில் உட்புற வெடிப்பு ஏற்பட்டது. அது கண்டறியப்பட்டது 1977 இல். வழக்கு 1978 இல் தொடரப்பட்டது. சேதம் நிகழ்ந்தபோதே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்று கூறிப் பிரபுக்கள் சபை அவ் வழக்கைக் காலங்கடந்ததென நிராகரித்தது. இம் முடிவின் கடுமை கண்டனத்துக்குள்ளாயிற்று. 1986 ஆம் ஆண்டில் மறைசேதம் பற்றிய தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கவனக்குறைவு வழக்குகளில், அறிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளும், எவ்வாறாயினும் 15 ஆண்டுகளுக்கு மேற்படாமலும் வழக்கிட அது இடமளித்தது.

2017 யூன் 14 ஆந் திகதி லண்டனில் கிரென்பெல் மாடிக் குடியிருப்பு தீப்பற்றி 72 பேர் மாண்டனர். வெளிச்சுவரில் பொருத்தப்பட்ட உறைத்தகடுகள் தீயைப் பரப்பின. இதன் பின்னர் 2022 இல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள குடியிருப்புகள் பற்றிய 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6 ஆண்டு எல்லையை இனிமேல் முடிவுறும் வேலைகளுக்கு 15 ஆண்டுகளாகவும், அதற்கு முன் முடிந்த குடியிருப்புகளுக்கு 30 ஆண்டுகளாகவும் நீட்டிற்று. மாற்றவே முடியாததெனக் கூறப்பட்டுவந்த கால எல்லை, பொதுமக்களின் சினத்தின் முன் ஐந்து ஆண்டுகளில் மாறிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பிரான்சில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. 1804 ஆம் ஆண்டுக் குடியியற் கோவையிலேயே கட்டுவோருக்குப் பத்தாண்டுப் பொறுப்பு விதிக்கப்பட்டிருந்தது. 1978 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை விரித்து, வேலை ஏற்கப்பட்டதிலிருந்து முதல் ஓராண்டுக்குச் சுட்டிக்காட்டப்படும் எல்லாக் குறைகளையும் திருத்துதல், கட்டடத்திலிருந்து பிரிக்கத்தக்க சாதனங்களுக்கு 2 ஆண்டு உத்தரவாதம், உறுதியைப் பாதிக்கும் அல்லது வாழ்வதற்கு ஒவ்வாததாக்கும் குறைகளுக்கு 10 ஆண்டுப் பொறுப்பு என மூன்று படிகளை அமைத்தது. பொருளின் ஆயுளைக் கொண்டு பொறுப்பின் ஆயுளை வகுக்கும் முறை இது. தாளில் எழுதப்பட்டதா, வாயால் பேசப்பட்டதா என்பதைக் கொண்டு எல்லையை வகுக்கும் எமது முறையோடு இதனை ஒப்பிட்டு நோக்க வேண்டும்.

4. எழுத்தும் வாய்மொழியும்

எழுத்துக்கு 6, வாய்மொழிக்கு 3 என்ற வேறுபாட்டுக்குக் கூறப்படும் நியாயம் சான்று பற்றியது. நினைவு மங்கும், சாட்சிகள் இறப்பர் அல்லது இடம்பெயர்வர், எழுத்தோ நிலைத்திருக்கும்.

எழுத்தின் இவ்வாற்றல் எமது இலக்கிய மரபு அறியாததன்று. 12 ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட நிகழ்ச்சி அடிப்படையில் ஒரு வழக்கு விசாரணையாகும். புத்தூரில் மணக்கோலத்தில் நின்ற சுந்தரரை, அவருடைய பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமை ஓலையைக் காட்டி ஒரு முதியவர் உரிமை கோருகின்றார். சுந்தரர் அதனைக் கிழித்துவிட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குச் செல்கின்றது. கிழிக்கப்பட்டது படி ஓலையே என்று கூறி முதியவர் மூல ஓலையைக் காட்டுகின்றார். சபையோர் பாட்டனாரின் வேறோர் எழுத்தை வருவித்து ஒப்புநோக்கித் தீர்ப்பளிக்கின்றனர். பக்தி நோக்கில் இது இறைவனின் திருவிளையாடல். சமூக வரலாற்று நோக்கிலோ, ஆவணம், அனுபவம், சாட்சி என்ற சான்று முறைகள் சோழர்காலச் சபைகளில் எவ்வளவு நுணுக்கமாக வளர்ந்திருந்தன என்பதற்கு இஃது ஒரு சான்று. இரண்டு தலைமுறைக்கு முற்பட்ட ஓலை என்பதனால் அவ்வழக்குக் காலங்கடந்தது என எவரும் வாதிக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. நிலவுடைமைச் சமுதாயத்தில் ஆண்டான்-அடிமை உறவு வழிவழியாக நிலைப்பது. அதனைக் காட்டும் எழுத்தும் அவ்வாறே நிலைக்க வேண்டியதாயிற்று. கடனும் கொடுப்பனவும் விரைந்து சுழல வேண்டிய வணிகச் சமுதாயத்திலேயே குறுகிய கால எல்லைகள் பெருகத் தொடங்குகின்றன.

ஆயினும் சான்று நியாயத்தை நாம் முழுமையாக ஏற்க இயலாது. இங்கிலாந்தின் 1623 ஆம் ஆண்டுச் சட்டம், முத்திரையிட்ட உறுதியாக அமையாத சாதாரண உடன்படிக்கைகளுக்கு, அவை எழுதப்பட்டனவா பேசப்பட்டனவா என்று பாராது, 6 ஆண்டுகள் வழங்கியிருந்தது. தமது நாட்டில் வாய்ச்சொல்லுக்கு 6 ஆண்டு மதிப்பளித்த ஆட்சியாளர், குடியேற்ற நாட்டில் அதன் பாதியையே வழங்கினர். எழுத்தறிவு சிலருக்கே உரியதாயிருந்த ஒரு சமூகத்தில் இதன் விளைவு யார்மீது விழுந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இன்றும் எமது ஊர்களில் மேசனோடும் ஓடாவியோடும் மின்வேலையாளோடும் செய்யப்படும் ஏற்பாடுகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே உள்ளன. எழுதிக் கேட்பது நம்பிக்கையீனம் என்று கருதப்படுகின்றது. அறிமுகமான மனிதரிடம் தாளும் பேனையும் நீட்டுவது மரியாதைக் குறைவாகத் தோன்றுகின்றது. அந்த மரியாதையின் விலை மூன்று ஆண்டு வழக்குரிமை என்பதை எமது மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்லியதில்லை.

5. ஒரே உடன்படிக்கை, இரண்டு நாட்காட்டிகள்

இதுவரை நாம் வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தோம். அதே சுவரின் மறுபக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் நிலை யாது?

கட்டளைச்சட்டத்தின் 8 ஆம் பிரிவு இதற்கு விடையளிக்கின்றது. விற்று ஒப்படைத்த பொருள்களின் விலை, கடைக் கணக்கு, செய்து முடித்த வேலை, கைவினைஞரதும் தொழிலாளரதும் பணியாளரதும் கூலி ஆகியவற்றுக்கான வழக்கு, அக்கடன் செலுத்தற்குரியதான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடரப்பட வேண்டும். எமது உதாரணத்தில் அதே வாய்ப்பேச்சு ஏற்பாட்டின்கீழ் வேலை செய்த மேசனுக்கு 2012 தை மாதம் கூலிப் பாக்கி இருந்திருந்தால், 2013 தை மாதத்தோடு அவரது வழக்குரிமை முடிந்திருக்கும். வேலையில் குறை கண்ட வீட்டுக்காரருக்கு மூன்று ஆண்டு. வேலை செய்தவருக்கு ஓராண்டு. உடன்படிக்கை ஒன்றே, நாட்காட்டிகள் இரண்டு.

இப்பிரிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஓர் ஏணி தோன்றும். உழைப்பின் கூலிக்கு 1 ஆண்டு. உடலுக்கு நேர்ந்த காயத்துக்கு 2 ஆண்டு. வாய்ச்சொல்லுக்கு 3 ஆண்டு. வாக்குறுதிச் சீட்டுக்கும் எழுத்துடன்படிக்கைக்கும் 6 ஆண்டு. ஈட்டுறுதிக்கு 10 ஆண்டு. கோரிக்கை உழைப்புக்கும் உடலுக்கும் அண்மையதாக இருக்குமளவுக்குக் காலம் குறுகுகின்றது. சொத்துக்கும் வட்டிக்கும் அண்மையதாக இருக்குமளவுக்குக் காலம் நீள்கின்றது. இவ்வொழுங்கை எவரும் சதியாகத் திட்டமிட்டார்கள் என்று கூறுவது எமது நோக்கமன்று. அன்றாடச் சிறு கடன்கள் விரைவில் தீர்க்கப்படும், அவற்றின் பற்றுச்சீட்டுகளை எவரும் பேணி வைப்பதில்லை என்ற நடைமுறை நியாயம் அதற்குண்டு. குறுகிய கால எல்லை வேண்டாத பழைய வழக்குகளிலிருந்து ஏழைக் கடனாளியைக் காப்பதும் உண்மையே. ஆனால் நடைமுறை நியாயங்கள் யாருடைய நடைமுறையிலிருந்து பெறப்படுகின்றன என்பதே எமது வினா.

கட்டளைச்சட்டம் சட்டவாக்கச் சபையில் நிறைவேறியது தேசாதிபதி ஹேர்க்கியூலிஸ் றொபின்சனின் காலத்தில், கோப்பிப் பெருந்தோட்டப் பொருளாதாரம் கோலோச்சிய வேளையிலாகும். 1822 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியும் 1834 ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டமும் அதற்கு முன்னோடிகள். அச்சபையில் கூலியாட்களின் பிரதிநிதி எவரும் இருக்கவில்லை. அடுத்த ஆண்டில், 1872 இல், ஏங்கெல்ஸ் வீட்டுப் பிரச்சினை பற்றிய தமது கட்டுரைகளை வெளியிட்டார். தொழிலாளியின் வீட்டு நெருக்கடியைத் தனித்ததொரு குறைபாடாகக் கொண்டு தீர்த்துவிட முடியாது, அது உற்பத்தி முறையின் விளைவு என்பது அவரது நிலைப்பாடு. சோவியத் சட்டவியலாளர் பசுக்கானிஸ் 1924 இல் வெளியிட்ட நூலில், சட்ட வடிவம் பண்டப் பரிவர்த்தனை உறவிலிருந்தே எழுகின்றது என வாதித்தார். இவ்வாதத்தில் மிகையுண்டு. ஆயினும் வழக்குக் கால எல்லையைப் பொறுத்தமட்டில் அது பெரிதும் பொருந்துகின்றது. சட்டத்தின் முன் வீட்டுக்காரரும் கொந்தராத்துக்காரரும் மேசனும் சமமான உடன்படிக்கையாளர்கள். அவர்களுள் யாருக்கு எழுத்து வசப்பட்டது, யாருக்குக் காத்திருக்கும் வசதி உண்டு என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குறைபாட்டின் காரணத்தையும் இவ்வாறே ஆராய வேண்டும். கொந்தராத்துக்காரர் தமக்கு மேற்பட்டவரிடம் குறைந்த விலைக்கு வேலையை ஏற்கின்றார். அதிலும் குறைந்த விலைக்கு ஒரு பாசிடம் கொடுக்கின்றார். பாசு நாட்கூலிக்கு ஆட்களை அமர்த்துகின்றார். சீமெந்தின் அளவைக் குறைப்பதும் மலிந்த கம்பியை வாங்குவதும் நாட்கூலியாள் எடுக்கும் முடிவுகளல்ல. ஆனால் வீட்டுக்காரரின் சினம் கண்முன் நிற்பவர்மீதே பாய்கின்றது. கடைசிக் கொடுப்பனவு பிடித்து வைக்கப்படுகின்றது. அது இறுதியில் கூலியாளின் கையிலிருந்தே கழிகின்றது. வழக்குக்குச் செல்லும் ஓராண்டு உரிமையை அவர் அறியார். அறிந்தாலும் பயன்படுத்தும் வசதி அவருக்கில்லை.

6. உடன்படிக்கைக்கு வெளியே நிற்போர்

உடன்படிக்கை செய்தவரே அதனடிப்படையில் வழக்கிடலாம் என்பது பொதுவிதி. தோட்டத்து லயன் அறையில் தலைமுறைகளாக வாழும் குடும்பத்துக்கு இது பொருந்துமா? கூரையை மாற்றவோ மின்கம்பி இழுக்கவோ உடன்படிக்கை செய்வது தோட்ட நிருவாகம் அல்லது ஒரு நிறுவனம். ஒழுகும் கூரையின்கீழ் படுப்பவர் அவ்வுடன்படிக்கைக்கு வெளியே நிற்கின்றார். பிறர் நன்மைக்காகச் செய்யப்பட்ட உடன்படிக்கையில் அப்பிறரும் உரிமை கோரலாம் என்ற ரோம-டச்சுக் கோட்பாடு சில வேளைகளில் அவருக்குத் துணைபுரியலாம்; உடற்காயம் நேர்ந்தால் இரண்டாண்டுத் தீங்கியல் வழக்கும் உண்டு. ஆனால் உரித்தற்ற வீட்டில் வாழ்பவர் தமது முதலாளியின் கொந்தராத்துக்காரரை நீதிமன்றத்துக்கு அழைப்பார் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

சட்டம் தனது நாட்காட்டியை நிறுத்தி வைக்கவும் வல்லது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்றுண்டு. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், போர்ச்சூழலால் தமது அசையா ஆதனத்தை மீட்க நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணிப்பில் சேர்க்காது விட வழிசெய்தது. வரவேற்கத்தக்க சட்டம். ஆனால் அது காணிக்குரியது. இடம்பெயர்ந்த மேசனின் கூலிப் பாக்கிக்கோ சிறு உடன்படிக்கைகளுக்கோ உரியதன்று. ஏணியின் மேற்படியில் மட்டும் கடிகாரம் நிறுத்தப்பட்டது.

7. பாவனையாளர் சட்டமும் அதன் எல்லையும்

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவியது. சேவை வழங்கும் உடன்படிக்கையில் தக்க கவனத்துடனும் திறமையுடனும் சேவை வழங்கப்படும் என்ற உட்கிடையான உத்தரவாதத்தை அச்சட்டம் ஏற்கின்றது. நீதிமன்றச் செலவின்றி முறைப்பாடு செய்ய வழியுண்டு என்பதனால் இது முற்போக்கான ஏற்பாடே. எனினும் அதன் 13 ஆம் பிரிவின்கீழான முறைப்பாடு, விற்பனை அல்லது சேவை நிகழ்ந்ததிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் செய்யப்பட வேண்டும். எமது உதாரணக் குடும்பத்துக்கு அது 2012 சித்திரையோடு முடிந்துவிட்டது. உடனே தெரியும் குறைக்கு இது உதவும். சுவருக்குள் மறைந்த குறைக்கு உதவாது.

இன்னொரு மயக்கத்தையும் நீக்குதல் வேண்டும். பெரிய கட்டட உடன்படிக்கைகளில் 'குறைதிருத்தக் காலம்' என ஒன்று, பெரும்பாலும் ஓராண்டு, குறிக்கப்படுகின்றது. அக்காலம் முடிந்ததும் தமது பொறுப்பு முற்றாக நீங்கிவிட்டதெனக் கொந்தராத்துக்காரர் கூறுவது வழக்கம். அக்காலம் அவர் தாமே வந்து திருத்தும் கடப்பாட்டைப் பற்றியது. வேறு தெளிவான நிபந்தனை இல்லாதவிடத்து, மீறுகைக்கான வழக்குரிமை சட்டம் தந்த எல்லைவரை நிற்கும். மேலும், ஐந்தாண்டு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தவர் நான்காம் ஆண்டில் திருத்த மறுத்தால், அம்மறுப்பே தனித்ததொரு மீறுகையாகும். அந்நாளிலிருந்து புதிதாகக் காலத்தைக் கணிக்கலாம். பொறுப்பை விலக்கும் நிபந்தனைகளும் எல்லையற்றனவல்ல. கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை உடன்படிக்கை வாசகத்தால் விலக்க 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற உடன்படிக்கை நிபந்தனைகள் சட்டம் இடங்கொடாது.

8. செய்யத்தக்கன

இன்றைய சட்டத்துக்குள்ளேயே செய்யத்தக்கவை சில உள. வீட்டுப் பொருத்துவேலை உடன்படிக்கைக்கு நொத்தாரிசு தேவையில்லை. சாதாரணத் தாளில், தமிழிலேயே, வேலையின் விவரம், பொருள்களின் வகை, தொகை, முடிக்கும் நாள், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதி இருவரும் திகதியிட்டு ஒப்பமிட்டால் ஆறாண்டு உரிமை கிட்டும். அதே தாள் தொழிலாளியின் கொடுப்பனவு உரிமைக்கும் அரணாகும் என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம். எழுதிக் கேட்பது வீட்டுக்காரரின் நலனுக்காக மட்டுமன்று. கைத்தொலைபேசியில் பரிமாறிய செய்திகளையும் அழிக்காது பேண வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் அத்தகைய பதிவுகளுக்குச் சட்ட ஏற்பு அளிப்பதனால், அவற்றை எழுத்தென வாதிக்க இடமுண்டு.

குறை தெரிந்தவுடன் நிழற்படமும் திகதியும் எடுத்துக்கொண்டு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். "வாற கிழமை வந்து திருத்தித் தாறன்" என்ற வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருப்பதே பெரும்பாலான உரிமைகள் அழியும் வழி. வாயளவிலான ஒப்புதல் காலத்தைப் புதுப்பிக்காது என்பதும், ஒப்பமிட்ட எழுத்தே வேண்டும் என்பதும் கட்டளைச்சட்டத்தின் 12 ஆம் பிரிவின் சாரம். சிறு தொகை வழக்குகள் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு முதலிற் செல்ல வேண்டியன; இணக்கமின்மைச் சான்றிதழ் பெற்ற பின்னரே நீதிமன்றம் ஏற்கும். எனவே கடைசி மாதம்வரை காத்திருத்தல் ஆகாது.

ஆனால் தனியாட்களின் விழிப்பு சட்டத்தின் குறையை ஈடுசெய்யாது. மூன்று திருத்தங்களை நாம் முன்மொழிகின்றோம். மறைந்த குறைபாடுகளுக்குக் காலம் அறிந்த நாளிலிருந்து கணிக்கப்பட வேண்டும்; கொந்தராத்துக்காரருக்கும் ஒரு முடிவு வேண்டுமாதலால், பத்தாண்டு போன்றதோர் இறுதி எல்லை விதிக்கப்படலாம். பாவனையாளர் முறைப்பாட்டுக்குரிய மூன்று மாதமும் அவ்வாறே கணிக்கப்பட வேண்டும். அனைத்துக்கும் மேலாக, கூலிக்கான ஓராண்டு எல்லை நீக்கப்பட்டு, உழைப்பின் கடன் குறைந்தபட்சம் வாக்குறுதிச் சீட்டின் கடனுக்கு நிகராக்கப்பட வேண்டும். முதலிரண்டு கோரிக்கைகளை வீடுடைய நடுத்தர வர்க்கம் தனக்காகவே எழுப்பும். மூன்றாவதை எழுப்பாது முதலிரண்டை மட்டும் வென்றெடுத்தால், அதே ஏணியில் நாம் ஒருபடி மேலே ஏறியவராவோமேயன்றி ஏணியை மாற்றியவராக மாட்டோம்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கும் இதில் ஒரு பணியுண்டு. மேசனும் வீட்டுக்காரரும் ஒருங்கே வாசித்து விளங்கக்கூடிய ஒருபக்க மாதிரி உடன்படிக்கையைத் தமிழில் ஆக்கி ஊர்தோறும் வழங்குவது எமது மாணவரால் இயலும் காரியமே. பனுவல்களைப் பொருளுணர்ந்து வாசிக்கவும் தெளிவாக எழுதவும் பயின்றவர்கள் நாம். அப்பயிற்சியை இந்த ஒரு தாளுக்கும் செலவிடுவோமாக.